எந்தச் சுவர் மலிவு?
கட்டுமானப் பொருள் விலையும் ஒருபடிச் சமன்பாடும்

புனே மாவட்டத்தின் மேற்கே சகாயத்ரி மலைச் சரிவு. கிழக்கே பீமா நதிப் பக்கத்து வறண்ட சமவெளி. இவ்விரண்டுக்கும் இடையே எந்த ஊரில் வீடு கட்டப்படினும், மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர் முன் எழும் முதல் வினாக்களில் ஒன்று, சுவருக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்பதாகும். அருகிலுள்ள சூளையின் செங்கல்லா, நிலக்கரிச் சாம்பல் கலந்த கல்லா, நகரத் தொழிற்சாலையில் உருவாகும் காற்றடைத்த கான்கிரீட் கட்டியா என்பதை முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் இம்முடிவு, சென்ற ஆண்டு எது பயன்படுத்தப்பட்டது என்பதைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

பணக்காரர் வீட்டில் இதனால் விளையும் இழப்பு பெரிதன்று. ஆனால் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டுக்குச் சமவெளி மாநிலங்களில் ரூ. 1,20,000 உதவித் தொகை என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள அத்தகைய வீட்டில், உட்சுவர் ஒன்றையும் சேர்த்து, 25 மீட்டர் நீளச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். உயரம் 3 மீட்டர், கனம் 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால் 15 கனமீட்டர்; கதவு, சன்னல்களுக்கான இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 12 கனமீட்டர். ஒரு கனமீட்டர் சுவருக்கு ரூ. 6,000 ஆகுமெனில், சுவருக்கு மட்டும் ரூ. 72,000 செலவாகும். உதவித் தொகையில் இது ஐந்தில் மூன்று பங்கு. கூரையும் தரையும் இனிமேல்தான். ஆகவே கனமீட்டருக்கு ஒரு நூறு ரூபாய் வேறுபாடும் பயனாளியின் கையைக் கடிக்கவே செய்யும்.

இந்த வினாவுக்கு விடை காணப் பள்ளி மாணவர் பயிலும் ஒருபடிச் சமன்பாடே போதும். சமன்பாட்டைத் தீர்ப்பது எளிது. அதில் எந்த எண்களை இடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கல்லின் விலையன்று, சுவரின் விலை

செங்கல் ஒன்று ரூ. 8 என்றும், கான்கிரீட் கட்டி ஒன்று ரூ. 110 என்றும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். இவ்விரு விலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவுகோல் ஒரு கனமீட்டர் சுவர்.

இந்தக் கணக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று. 1150-ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் செங்கல் அடுக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. 18 விரல் நீளம், 12 விரல் அகலம், 3 விரல் உயரம் உள்ள செங்கற்களைக் கொண்டு 8 முழ நீளம், 5 முழ அகலம், 3 முழ உயரத்தில் ஓர் அடுக்கு அமைத்தால் எத்தனை கற்கள் என்பது அதில் ஒரு கணக்கு. முழத்துக்கு 24 விரல் என்ற அளவில் விடை 2,560 கற்கள். அக்கணக்கில் சாந்துக்கு இடமில்லை. இன்றைய மதிப்பீட்டில் சாந்தை விட்டுவிட்டால் கணக்கே பிழையாகும்.

இந்திய நியமப்படி அமைந்த செங்கல்லின் அளவு 190 மில்லிமீட்டர் நீளம், 90 அகலம், 90 உயரம். சாந்தின் கனத்தையும் சேர்த்து 200, 100, 100 எனக் கொண்டால் ஒரு கனமீட்டர் சுவருக்குச் சரியாக 500 கற்கள் தேவை. கற்கள் அடைக்கும் இடம் ஏறத்தாழ 0.77 கனமீட்டர், எஞ்சிய 0.23 கனமீட்டரும் சாந்து. காற்றடைத்த கான்கிரீட் கட்டி, 600 மில்லிமீட்டர் நீளம், 200 அகலம், 200 உயரம் எனில், ஏறத்தாழ 40 போதும். இணைப்புகள் மெல்லியவை, பசைச் சாந்து சிறிதளவே செலவாகும். கொத்தனாரும் சித்தாளும் ஒரு நாளில் எழுப்பும் சுவரும் அதிகம்.

எடுத்துக்காட்டு விலைகளைத் தொடர்ந்தால், செங்கல் சுவருக்குக் கற்கள் ரூ. 4,000, சாந்து ரூ. 900, கூலி ரூ. 1,100, ஆக ரூ. 6,000. கட்டிச் சுவருக்குக் கட்டிகள் ரூ. 4,400, பசைச் சாந்து ரூ. 500, கூலி ரூ. 960, ஆக ரூ. 5,860. ரூ. 8-க்கும் ரூ. 110-க்கும் இடையே இருந்த பெரும் இடைவெளி, சுவரளவில் பார்க்கும்போது ரூ. 140 ஆகச் சுருங்கி, திசையும் மாறிவிட்டது.

தூரம் என்னும் மாறி

இனித்தான் சமன்பாடு வருகிறது. 500 செங்கல்லின் எடை ஏறத்தாழ 1.4 டன். கட்டிகள் மிக இலேசானவை. தொழிற்சாலையிலிருந்து ஈரத்தோடு வெளிவருவதையும் கருதி, ஒரு கனமீட்டர் சுவருக்குரிய கட்டிகளை 0.7 டன் எனக் கொள்ளலாம். லாரி வாடகை டன்னுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ரூ. 5 என்க.

நாட்டுச் செங்கல் சூளைகள் மாவட்டமெங்கும் பரவிக் கிடப்பதால், எந்த ஊருக்கும் 10 கிலோமீட்டரில் ஒரு சூளை இருக்கிறது என வைத்துக்கொண்டால் செங்கல்லின் போக்குவரத்துச் செலவு ரூ. 70 மட்டுமே. அது நகரிலிருந்து உள்ள தூரத்தோடு மாறுவதில்லை. கட்டியோ நகர ஓரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தாக வேண்டும். அத்தூரத்தைத் ‘தூ’ என்று குறித்தால்:

செங்கல் சுவர் = 6,070
கட்டிச் சுவர் = 5,860 + 3.5 தூ

முதலாவது, வரைபடத்தில் கிடைக்கோடு. இரண்டாவது, 5,860-இல் தொடங்கி மெல்ல ஏறும் சாய்கோடு. இரண்டும் சமமாகும் இடத்தில் 3.5 தூ = 210; ஆகவே தூ = 60. தொழிற்சாலையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் கட்டி மலிவு. அதற்கப்பால் செங்கல் மலிவு.

புனேயிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், 20 கிலோமீட்டர் அளவில் லோணி காள்போர் வருகிறது. அங்குக் கட்டிச் சுவர் ரூ. 5,930, பன்னிரண்டு கனமீட்டர் வீட்டுக்குக் கட்டியினால் ரூ. 1,680 மிச்சம். ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள பாட்டஸ் அருகே இரண்டும் ஒரே விலை. ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், இந்தாபூர் வட்டாரத்தில், கட்டிச் சுவர் ரூ. 6,315 ஆகிவிடுகிறது, அங்கே அதே கட்டியைக் கொண்டுபோய் வீடு கட்டினால் ரூ. 2,940 கூடுதல் செலவு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே பொருள் என உத்தரவிடும் சுற்றறிக்கை எதுவாயினும், இச்சாலையின் ஏதேனும் ஒரு பகுதியில் வீடு கட்டுபவருக்கு அது நட்டமே.

எல்லைக்கோட்டின் உறுதியின்மை

இந்த 60 கிலோமீட்டர் என்ற விடையை அப்படியே எழுதிக் கோப்பில் வைத்துவிடுவது பெரும் தவறு. இரண்டு கோடுகளும் மிகச் சிறிய கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. அத்தகைய கோடுகளில் ஒன்று சற்று மேலோ கீழோ நகர்ந்தால், வெட்டும் புள்ளி நெடுந்தூரம் ஓடிவிடும்.

செங்கல் விலை 10 பைசா ஏறினால் கனமீட்டருக்கு ரூ. 50 கூடும், எல்லை 60-இலிருந்து 74 கிலோமீட்டருக்கு நகரும். 10 பைசா இறங்கினால் 46-க்குச் சுருங்கும். 42 பைசாவுக்கு மேல் இறங்கினால் எல்லையே மறைந்துவிடும். தொழிற்சாலை வாசலில்கூடச் செங்கல்லே மலிவு. மழைக்காலத்தில் சூளைகள் ஓய்ந்து செங்கல் விலை ஏறுவதும், சூளைப் பருவத்தில் இறங்குவதும் இயல்பு. ஆகவே அறுபது கிலோமீட்டர் என்பது ஒரு மாதத்துக்குப் பொருந்தி, மறு மாதத்துக்குப் பொருந்தாமல் போகலாம். டீசல் விலையேற்றத்தைப் பற்றி எழும் பேச்சோடு ஒப்பிட்டால் அதன் விளைவு வியப்பளிக்கும் வகையில் சிறிது: லாரி வாடகை 20 சதவீதம் உயர்ந்தாலும் எல்லை 53 கிலோமீட்டருக்கு வரும், அவ்வளவே.

இவை எல்லாவற்றையும்விட வலிமை வாய்ந்தது ‘500’ என்ற கெழு. புனே வட்டாரத்துச் சூளைகளில் நியம அளவுக்கு மாறான கற்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கல் சற்றே சிறியதாகி, கனமீட்டருக்கு 540 தேவைப்பட்டால், கல்லின் விலையில் மட்டும் ரூ. 320 கூடும். எல்லை 90 கிலோமீட்டருக்கும் மேல் வெளியே தள்ளப்படும். விலைப்பட்டியலை வரவழைக்க மூன்று கடிதம் எழுதும் அலுவலகம், சூளையில் பத்துக் கற்களை எடுத்து நீளவாக்கில் அடுக்கி ஓர் அளவுநாடாவால் அளந்து பார்க்கச் சொல்வதில்லை. பத்துக் கற்களின் சராசரி அளவு, அரைப் பைசா வரை பேசிப் பெற்ற விலையைவிடப் பயனுள்ள செய்தி.

இரண்டு பட்டியல்கள், இரண்டு சமன்பாடுகள்

போக்குவரத்துக் கட்டணத்தைப் பொறியாளர்கள் ‘லீடு’ எனக் குறிப்பிடுவர். டன்னுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மேலே கொண்டது வசதிக்காகவே. உண்மையில் லாரிக்காரர் வாங்கும் தொகையில் தூரத்தைச் சாராத ஒரு பகுதியும் உண்டு: ஏற்று இறக்குக் கூலி, காத்திருக்கும் நேரம். இது பட்டியலில் தனியே காட்டப்படுவதில்லை. ஆயினும் இரு பட்டியல்கள் இருந்தால் இதைக் கண்டுவிடலாம்.

ஒரே லாரி, 20 கிலோமீட்டருக்கு ரூ. 3,300-ம், 50 கிலோமீட்டருக்கு ரூ. 5,400-ம் பெற்றிருக்கிறது என்க. நிலையான தொகை ‘நி’, கிலோமீட்டர் கட்டணம் ‘க’ எனில்:

நி + 20 க = 3,300
நி + 50 க = 5,400

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 30 க = 2,100; க = 70; நி = 1,900. இனி 35 கிலோமீட்டருக்கு வரும் மூன்றாவது பட்டியல் ரூ. 4,350-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரூ. 5,000 என்றிருந்தால் விளக்கம் கேட்கலாம். அது முறைகேடு என உடனே முடிவு செய்துவிட வேண்டியதில்லை. மேற்குப் பக்கத்து ஊராக இருந்தால் மலையேற்றத்துக்கான கூடுதல் எரிபொருளாக இருக்கலாம். எனினும், கேட்க வேண்டிய கேள்வி எது என்பதை இச்சமன்பாடு சுட்டிவிடுகிறது.

நகரின் சுவரும் நாட்டுப்புறச் சுவரும்

புனே நகரம் பலவகைப் பொருள்களைக் கண்டது. 1732-இல் கட்டி முடிக்கப்பட்ட சனிவார் வாடாவின் கோட்டைச் சுவரில் அடிப்பகுதி கருங்கல்லாகவும் மேற்பகுதி செங்கல்லாகவும் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். தக்காணத்தின் எரிமலைப் பாறை நகரைச் சுற்றிலும் கிடைப்பதால் கல் எளிதாகக் கிட்டியது. காற்றடைத்த கான்கிரீட்டோ ஸ்வீடன் நாட்டில் 1920களில் உருவான பொருள். அதன் ஒரு வகையான ‘சிப்போரெக்ஸ்’ முறையை 1970களில் புனேக்குக் கொண்டுவந்து உற்பத்தி செய்தவர்கள் பி. ஜி. ஷிர்கேயின் நிறுவனத்தார்.

நகரில் இப்பொருள் நிலைபெற்றதற்குக் காரணம் மேற்கண்ட சமன்பாட்டில் இல்லாத ஒரு உறுப்பு. செங்கல் சுவர் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.9 டன் எடையுள்ளது. கட்டிச் சுவர் அதில் பாதிக்கும் குறைவு. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியின் சுவரையும் கீழுள்ள தூண்களும் அடித்தளமும் தாங்க வேண்டும். சுவர் இலேசானால் இரும்பும் கான்கிரீட்டும் மிச்சமாகும். ஆகவே மாடிகளின் எண்ணிக்கையோடு வளரும் ஒரு கழித்தல் உறுப்பைக் கட்டியின் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். பத்து மாடிக் கட்டடத்துக்கு அதுவே முடிவைத் தீர்மானித்துவிடலாம். ஒற்றைத் தளக் கிராம வீட்டுக்கோ அந்த உறுப்பு ஏறத்தாழச் சுழியம். நகரத்தின் அனுபவத்தைக் கிராமத்துக்கு அப்படியே எடுத்துச் செல்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

முறிந்த கோடு

நிலக்கரிச் சாம்பலில் தூரத்தின் கதை அரசாணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டர் ஆரத்துக்குள் செங்கல் அறுப்போர், எடையில் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003-இல் இந்த ஆரம் 100 கிலோமீட்டராகவும், 2016 ஜனவரியில் 300 கிலோமீட்டராகவும் விரிக்கப்பட்டது. ஆரம் விரிந்தால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற கேள்வி எழுமல்லவா? 2016-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி முதல் 100 கிலோமீட்டர் செலவு மின் நிலையத்தைச் சார்ந்தது. அதற்குமேல் 300 வரை இருவருக்கும் சரிபாதி.

இதைப் பயன்படுத்துவோர் பக்கமிருந்து வரைந்தால் ஒரு முறிந்த கோடு கிடைக்கும். 100 வரை சுழியம். அதன்பின் பாதிச் சாய்வு. புனே, நாசிக் அருகேயுள்ள ஏகலஹரே அனல் மின் நிலையத்திலிருந்து சாலை வழியே 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 200 எனவே கொண்டால், புனேயில் சாம்பலைப் பெறுபவர் ஏற்க வேண்டியிருந்தது 50 கிலோமீட்டருக்குரிய செலவு மட்டுமே. 300-ஆவது கிலோமீட்டரில் 100-க்குரிய செலவு. 301-ஆவதிலோ சலுகை கிடையாது. முழு 301-க்கும் வாடகை. கோடு அங்கே செங்குத்தாக எழுகிறது. பின்னர் 2021 டிசம்பர் 31 நாளிட்ட புதிய அறிவிக்கை பழைய அறிவிக்கைகளின் இடத்தைப் பெற்றுக்கொண்டது. ஆயினும் செலவுப் பங்கீட்டு விதி ஒன்று எவ்வாறு வரைபடத்தின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதைப் பொருளியல் மாணவர் அறிய 2016-ஆம் ஆண்டு விதி நல்ல பாடம்.

சாம்பல் கல்லை மின் நிலையத்தருகே செய்து லாரியில் அனுப்புவதா, சாம்பலை மட்டும் கொண்டுவந்து புனேயில் கல் செய்வதா என்பதற்கும் இதே கணக்கு விடை தரும். கல்லின் எடையில் சாம்பல் பாதியளவோ சற்று மேலோதான். எஞ்சியது பெரும்பாலும் கல்தூள். வாகோலி, மோஷி பகுதிகளின் கல் குவாரிகளில் கல்தூள் கிடைக்கிறது. அதை நாசிக்கிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை.

கெழுவைக் குறைப்பது

விலையில் பைசாக்களைத் தேடுவதைவிடக் கெழுவைக் குறைக்கும் வழியைத் தேடுவது மேல் என்பதற்குப் புனேக்கு வெளியே, கேரளத்தில் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்கள் விளிம்பின்மேல் நிறுத்தி வைக்கப்படுகின்றன. சுவருக்குள் வெற்றிடம் விடப்படுவதால் கற்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 500 என்பது 375 ஆகும், ரூ. 1,000 குறையும். பழக்கமற்ற வேலையாதலால் கூலி ரூ. 200 கூடினாலும் நிகர மிச்சம் ரூ. 800, ஒரு வீட்டுக்கு ரூ. 9,600. கட்டியா செங்கல்லா என்று இதுகாறும் நடந்த வாதத்தின் முழுத் தொகையைவிட இது பன்மடங்கு. ஆனால் இதற்கு ஒழுங்கான விளிம்புள்ள கற்களும் பயிற்சி பெற்ற கொத்தனாரும் வேண்டும். கரிசல் மண்ணில் அறுத்துக் குவியலாகச் சுட்ட நாட்டுக் கல்லை வைத்து இதை முயல்வது வீண்.

கணக்கில் வராத ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டின் 6,000 செங்கற்களுக்கு ஏறத்தாழ 17 டன் சுட்ட மண் செல்கிறது. அது பெரும்பாலும் வயலின் மேல் மண். அதன் விலை, செங்கல்லின் எட்டு ரூபாய்க்குள் முழுமையாக அடங்கியிருப்பதாகச் சொல்ல இயலாது.

கோடு வளையும் இடங்கள்

ஒரு சூளை, ஒரு தொழிற்சாலை, ஒரு சாலை என்பது பாடத்துக்கு ஏற்ற எளிமை. பல சூளைகளிலிருந்து பல ஊர்களுக்கு எவ்வளவு அனுப்பினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று கேட்டால், சமன்பாடுகளின் தொகுதியே தேவைப்படும். லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக 1939-இல் இவ்வகைக் கணக்கை வகுத்தவர் கன்டரோவிச். அவரும் கூப்மன்ஸும் 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மாவட்ட அளவில் இன்று இதைக் கணிப்பொறி சில நொடிகளில் செய்துவிடும். தேவைப்படுவது நம்பத்தக்க தூரமும் விலையும்தான்.

செலவு, எப்போதும் நேர்கோட்டில் செல்வதுமில்லை. லாரி முழுதாகவே வாடகைக்கு வரும். பாதிச் சுமைக்குப் பாதி வாடகை இல்லை. ஒரு வீட்டுக்கான கட்டிகள் எட்டு டன்னுக்குச் சற்று மேல். ஒரு நடையில் வந்துவிடலாம். செங்கல் ஏறத்தாழ 17 டன். அதே லாரிக்கு இரண்டு நடை. மேற்குப் பக்கத்தில், போர், முல்ஷி வட்டங்களின் மலைக் குடியிருப்புகளில் வேறொரு சிக்கல். பெரிய லாரி நுழைய இயலாத பாதையில் சுமையை இறக்கி டிராக்டருக்கு மாற்ற வேண்டும். உள்ளூர்ச் சூளையின் செங்கல் முதலிலிருந்தே டிராக்டரில் வருவதால் அதற்கு இச்செலவு இல்லை. மாற்றுக் கூலி டன்னுக்கு ரூ. 200 எனில், கட்டிச் சுவரின் தொடக்கத் தொகையில் ரூ. 140 கூடி 5,860 என்பது 6,000 ஆகும். இனி 3.5 தூ = 70; தூ = 20. சோலாப்பூர் சாலையில் 60 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்த அதே கட்டி, மலைப்பாதையில் இருபதாவது கிலோமீட்டரிலேயே செங்கல்லிடம் தோற்றுவிடுகிறது.